மைதானத்தில் பிள்ளை மயங்கி விழுந்தால்: நீங்கள் பார்த்ததைச் சொல்லுங்கள்

தென்னாப்பிரிக்காவில் எங்கள் டர்பன் நகரின் பிப்ரவரி மாதத்தைப் பற்றி இங்கே யாருக்கும் சொல்லத் தேவையில்லை. வெயிலைவிடப் புழுக்கம்தான் ஆளைச் சாய்க்கும். இங்கே சாட்ஸ்வொர்த் பகுதியில் பையன்களின் கால்பந்துப் போட்டி ஒன்றில், இரண்டாம் பாதியில் ஒரு பையன் தள்ளாட ஆரம்பித்தான். பெயரைக் கேட்டால் சம்பந்தமில்லாத பதில். உடம்பு அனலாகக் கொதித்தது. "நிழல்ல படுக்க வைங்க, சரியாயிடும்" என்றார்கள் சிலர். பார்க்க வந்திருந்த ஒரு நர்ஸ் அக்கா விடவில்லை. சூட்டோடு புத்தியும் தடுமாறினால் அது களைப்பு இல்லை, வெப்பத்தாக்கு. முதலில் குளிர வைக்கணும், அப்புறம்தான் ஆஸ்பத்திரி என்றார். கூலர் பாக்ஸ் ஐஸ் முழுவதையும் குழாய்த் தண்ணீரோடு சேர்த்து அவன் மேல் கொட்டினோம். கழுத்து, அக்குள், தொடையிடுக்கில் ஈரத்துண்டு.

இதற்கிடையே ஆம்புலன்ஸ் எண் 10177-க்குப் போன் போட்டவரிடம் "எந்த கேட்?" என்று கேட்டிருக்கிறார்கள். அவருக்குத் தெரியவில்லை. பின்பக்க கேட்டுக்கு வந்த ஆம்புலன்ஸை யாரோ நிறுத்திய பக்கி (பிக்கப்) வண்டி மறித்து நின்றது. பையன் பிழைத்துவிட்டான், இப்போதும் ஆடுகிறான்.

அதிலிருந்து ஆட்டத்துக்கு முன்பே ஆள் பிரித்துவிடுகிறோம்: போன் செய்ய ஒருவர், ரோட்டில் நின்று வழிகாட்ட ஒருவர். ஆஸ்துமா பிள்ளைகளின் பம்ப் (இன்ஹேலர்) கோச்சின் பையில்தான், காரில் இல்லை.

——

அண்ணே, ஜோகன்னஸ்பர்க் அருகே எங்கள் லெனேஷியா பக்கம் கிரிக்கெட். எனக்குப் பயம் நெஞ்சில் படும் பந்துதான். நல்ல இதயமுள்ள பிள்ளைக்கும், துடிப்பின் பொல்லாத நேரத்தில் அடி விழுந்தால் இதயம் தாறுமாறாகி ரத்தம் ஓடாமல் போய்விடும். விழுந்த பிள்ளை விட்டுவிட்டு இழுப்பதை மூச்சென்று நம்பாமல் உடனே நெஞ்சை அழுத்தணும், நிமிடத்துக்கு 100 முதல் 120 தடவை. கூடவே மின் அதிர்ச்சி தரும் ஏ.இ.டி. பெட்டி வேண்டும். 2021-இல் யூரோ கோப்பை ஆட்டத்தில் விழுந்த டென்மார்க் கால்பந்து வீரர் எரிக்சன் பிழைத்தது இந்த இரண்டாலும்தான்.

எங்கள் மைதானத்தில் பெட்டி இருக்கிறது. ஆனால் அலுவலக அறையில் பூட்டி, வார நாளில் மட்டும் வருகிறவரிடம் சாவி. ஆட்டமோ ஞாயிற்றுக்கிழமை! கேட்டால் "திருடு போயிடும்" என்கிறார்கள். அந்தப் பயமும் பொய்யில்லை. ஸ்கோர் எழுதுகிற மாமாவிடம் இன்னொரு சாவி கொடுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருக்கிறோம். உங்கள் பக்கம் அதை எங்கே வைக்கிறீர்கள்?