கைதானவர் எங்கே இருக்கிறார்? தேடி அலைந்தவர்களின் அனுபவங்கள்

திருவள்ளூர் மாவட்டத்திலிருந்து ஓர் அக்கா:

சென்ற ஆண்டு ஆடி மாதம், ஒரு சனிக்கிழமை விடியற்காலையில், சாதாரண உடையில் வந்த நான்கு பேர் என் தம்பியை அவன் தங்கியிருந்த அறையிலிருந்து அழைத்துச் சென்றார்கள். உடன் தங்கியிருந்த பையன் ஏழு மணிக்குத்தான் எனக்குத் தொலைபேசியில் சொன்னான். எந்தக் காவல் நிலையம் என்று கேட்டால் அவனுக்குத் தெரியவில்லை; "விசாரிச்சுட்டு அனுப்பிடறோம்னு சொன்னாங்கக்கா" என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னான்.

அந்தப் பகுதிக்குரிய காவல் நிலையத்துக்கு நானும் என் கணவரும் போனோம். அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்றார் அங்கிருந்த எழுத்தர். அவர் பேசிக்கொண்டிருக்கும்போதே சுவரோரம் வரிசையாக நின்ற வண்டிகளில் தம்பியின் பைக் என் கண்ணில் பட்டது. எண்ணைப் பார்க்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பக்கக் கண்ணாடியில் மாட்டியிருந்த ஹெல்மெட்டின் பின்புறத்தில் என் மகள் ஒட்டிவிட்ட மஞ்சள் வாத்து அப்படியே இருந்தது. அதைச் சொன்னதும், வண்டி வேறு வழக்கில் வந்திருக்கும் என்றார்.

அன்று முழுவதும் அந்த வாசலிலேயே உட்கார்ந்திருந்தது நாங்கள் செய்த முதல் தவறு. எதிரில் இருந்த டீக்கடையில் அறிமுகமான ஒருவர், உள்ளே தனக்கு ஆள் தெரியும் என்று சொன்னதை நம்பி ஐந்தாயிரம் ரூபாய் கொடுத்தது இரண்டாவது தவறு. மாலையில்தான் உறவினர் ஒருவர் மூலம் ஓர் இளம் வழக்கறிஞர் கிடைத்தார். கைதானவரை, பயண நேரம் நீங்கலாக, 24 மணி நேரத்துக்குள் மாஜிஸ்திரேட் முன் நிறுத்த வேண்டும் என்று அரசியலமைப்பின் 22ஆம் பிரிவே சொல்வதால், நாம் தேட வேண்டியது ஸ்டேஷனை அல்ல, ரிமாண்ட் செய்த, அதாவது காவலில் வைக்க உத்தரவிட்ட, நீதிமன்றத்தைத்தான் என்று அவர் சொன்ன பிறகுதான் எங்களுக்குத் திசை பிடிபட்டது. தம்பியை அழைத்துச் சென்ற நேரம், இடம், வந்தவர்களின் அடையாளம், காவல் நிலைய வளாகத்தில் நிற்கும் வண்டியின் எண் ஆகியவற்றை எழுதி, அன்றிரவே மாவட்டக் காவல் கண்காணிப்பாளருக்கு மின்னஞ்சல் அனுப்ப வைத்தார். அதற்குப் பதில் எதுவும் வரவில்லை. ஆனாலும் பின்னாளில் பிணை மனுவுடன் இணைக்க அது பயன்பட்டது.

திங்கள்கிழமை காலை நீதிமன்றத்துக்குப் போனபோது, நீதிமன்றப் பணியில் இருந்த காவலர் பதிவேட்டைப் பார்த்துவிட்டு, சனிக்கிழமை இரவே விடுமுறைப் பணியில் இருந்த வேறொரு மாஜிஸ்திரேட்டின் வீட்டில் ஆஜர்படுத்தி, 15 நாள் நீதிமன்றக் காவலில் வைத்துவிட்டார்கள் என்றார். அவர் ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் கொடுத்த குற்ற எண்தான், அதாவது காவல் நிலையத்தில் பதிவான வழக்கின் எண்தான், அதன் பிறகு எங்களுக்கு எல்லாமாக இருந்தது. முதலில் அடைத்த கிளைச் சிறைக்குப் போனால், நேற்றே புழலுக்கு அனுப்பிவிட்டோம் என்றார்கள். புழலில் தண்டனைக் கைதிகளுக்கு ஒரு சிறையும் விசாரணைக் கைதிகளுக்கு இன்னொரு சிறையும் தனித்தனியே இருப்பது தெரியாமல் தவறான வாசலில் அரை மணி நேரம் நின்றோம். சரியான வாசலுக்கு வந்து பெயரைச் சொன்னால், அதே பெயரில் இரண்டு பேர் இருந்தார்கள். தம்பியின் பதிவிலோ, த/பெ என்ற இடத்தில் எங்கள் அப்பாவின் பெயர் ஓர் எழுத்துப் பிசகி ஏறியிருந்தது. குற்ற எண்ணையும் காவல் நிலையத்தின் பெயரையும் சேர்த்துச் சொன்ன பிறகே, ஆள் இவர்தான் என்று உறுதியானது.

மனு பார்க்க, அதாவது சிறையில் இருப்பவரைச் சந்திக்க, உள்ளே விட்டபோது, வலைக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் எல்லோரும் ஒரே நேரத்தில் கத்திக்கொண்டிருந்ததால், நான் கேட்க நினைத்தவற்றில் பாதியைக் கூடக் கேட்க முடியவில்லை. முதல் முறை போகிறவர்கள், கேட்க வேண்டியதைத் தாளில் எழுதிக்கொண்டு போவது நல்லது: அடித்தார்களா, எதிலாவது கையெழுத்து வாங்கினார்களா, அடுத்த வாய்தா எப்போது, வழக்கறிஞர் அனுப்பும் வக்காலத்தில் (அவர் நமக்காக வாதாட அதிகாரம் தரும் பத்திரம்) கையெழுத்துப் போட்டாயா. வக்காலத்து சிறைக்குள் போய், அவன் கையெழுத்தும் சிறை அதிகாரியின் சான்றொப்பமும் பெற்றுத் திரும்பினால்தான் வழக்கறிஞரால் பிணை மனு தாக்கல் செய்ய முடியும் என்பது எனக்கு அதுவரை தெரியாது.

தங்கச்சிமடத்திலிருந்து ஒரு மனைவி:

அக்கா, உங்களுக்கு ஊருக்குள் தேடல். எங்களுக்குக் கடலுக்கு அப்பால். சனிக்கிழமை காலை கடலுக்குப் போக அனுமதி டோக்கன் வாங்கிக்கொண்டு விசைப்படகில் போன என் வீட்டுக்காரரும் மற்ற நான்கு பேரும் ஞாயிறு காலை கரை திரும்பவில்லை. உடன் போன படகுகள் திரும்பிய பிறகுதான், இலங்கைக் கடற்படை சுற்றி வளைத்த செய்தி கிடைத்தது. எங்கள் பகுதியில் ஆளின் பெயருக்கு முன்னால் படகின் பதிவு எண்தான் வரும் என்பதால், அந்த எண்ணை எடுத்துக்கொண்டு படகின் உரிமையாளரான சம்மாட்டியுடன் மீன்வளத் துறை அலுவலகத்துக்குப் போனோம்.

பிடிபட்டவர்களைக் காங்கேசன்துறை அல்லது மயிலிட்டிக்குக் கொண்டுபோய், அங்குள்ள கடற்றொழில் துறையினரிடம் ஒப்படைத்து, ஊர்காவற்றுறை நீதிமன்றத்தில் ஆஜர்படுத்தி, யாழ்ப்பாணச் சிறையில் அடைப்பதே பெரும்பாலும் நடக்கும் வழி. மன்னார்ப் பக்கம் பிடிபட்டால் நீதிமன்றமும் சிறையும் மாறிவிடும். ஆகவே எந்த இடத்தில் பிடித்தார்கள் என்பதை, உடன் போன படகுக்காரர்களிடம் அன்றைக்கே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். யாழ்ப்பாணத்தில் உள்ள இந்தியத் துணைத் தூதரகத்தின் அதிகாரிகள் சிறைக்குப் போய்ப் பார்ப்பார்கள் என்று சொன்னார்கள். அவர்கள் வழியாகத்தான் என் வீட்டுக்காரர் சர்க்கரை மாத்திரை இல்லாமல் இருக்கிறார் என்பதே எனக்குத் தெரிய வந்தது. விடுதலை என்று தீர்ப்பான மறுநாளே வந்துவிடுவார் என்று மீன் குழம்புக்குப் புளி கரைத்து வைத்த கதையும் உண்டு. அங்கிருந்து வெளிநாட்டவரைத் திருப்பி அனுப்பும்வரை வைக்கும் மிரிகானை முகாம், பிறகு கொழும்பிலிருந்து விமானம், சென்னை, அதன் பிறகுதான் வீடு. அவர் வந்து சேர அதற்கு மேலும் ஒன்பது நாள் ஆயிற்று.

ஆள் உள்ளே இருக்கும் நாட்களுக்குத் தமிழக அரசு குடும்பத்துக்குத் தினசரி உதவித்தொகை தருகிறது. மீன்வளத் துறை அலுவலகத்தில் அதற்கும் அன்றே எழுதிக் கொடுத்துவிடுங்கள். எனக்கு யாரும் சொல்லாததால் தாமதமாகத்தான் கொடுத்தேன்.

தென்காசி மாவட்டத்திலிருந்து ஒரு தந்தை:

என் மகனுக்கு வயது 19. அவனுக்கு வலிப்பு நோய் உண்டு. ஒரு வேளை மாத்திரை தவறினாலும் விழுந்துவிடுவான். பெரியவர்களுக்கான சிறையில் போய் விசாரித்தபோது அங்கே இல்லை என்றார்கள். 18 வயது முடிந்து 21 வயதுக்கு உட்பட்ட ஆண்களைப் பார்ஸ்டல் பள்ளி என்ற இளைஞர் சீர்திருத்த நிலையத்தில் தனியே வைப்பதுண்டு என்று அந்த வாசலில் நின்ற இன்னொரு தகப்பனார் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது.

மாத்திரையை நேரில் கொண்டுபோய்க் கொடுத்தேன். வாங்க மாட்டோம் என்று திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். பிறகு, மருத்துவச் சீட்டின் நகலையும் மருத்துவமனை அட்டையின் நகலையும் இணைத்து, சிறைக் கண்காணிப்பாளருக்கு ஒரு மனுவும், ரிமாண்ட் செய்த நீதிமன்றத்துக்கு வழக்கறிஞர் மூலம் ஒரு மனுவும் கொடுத்தோம். நீதிமன்றம் சிறை மருத்துவருக்கு உத்தரவிட்ட மறுநாளிலிருந்து மாத்திரை கிடைத்தது. முதல் ரிமாண்டின்போதே மாஜிஸ்திரேட்டிடம் மகன் வாய் திறந்து சொல்லியிருந்தால் அன்றே எழுதியிருப்பார்கள். பயத்தில் அவன் எதையும் சொல்லவில்லை.

பிணை கிடைத்த பிறகும் ஆறு நாள் உள்ளே இருந்தான் என்பதுதான் எனக்கு இன்றும் ஆறவில்லை. இரண்டு ஜாமீன்தாரர்கள் வேண்டும் என்று உத்தரவு. மச்சான் ஒருவர் சம்மதித்தார், இரண்டாவது ஆளுக்காக நான் ஏறாத வீடில்லை. கடைசியில் என்னுடன் செங்கல் சூளையில் வேலை செய்த பழைய நண்பர், தன் ஆதார், ரேஷன் அட்டை, வீட்டு வரி ரசீது எல்லாவற்றையும் ஒரு மஞ்சள் பையில் போட்டுக்கொண்டு, கேட்காமலே நீதிமன்ற வாசலுக்கு வந்து நின்றார்.

மதுரையிலிருந்து ஒரு வழக்கறிஞர் அலுவலக எழுத்தர்:

முதலில் எழுதிய சகோதரிக்கு ஒரு சிறிய திருத்தம். ரிமாண்ட் ஆகும்வரை காத்திருக்க வேண்டும் என்பதில்லை. 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்த புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 48ஆம் பிரிவின்படி, கைது செய்தவர் அந்தத் தகவலை உறவினருக்கோ நண்பருக்கோ உடனே சொல்லியாக வேண்டும். கைதானவர்களின் விவரத்தை வைத்திருக்க ஒவ்வொரு காவல் நிலையத்திலும் மாவட்டத்திலும் ஓர் அதிகாரி இருக்க வேண்டும் என்கிறது 37ஆம் பிரிவு. இதெல்லாம் புதிதாக முளைத்ததல்ல, டி.கே. பாசு வழக்கில் 1996இலேயே உச்ச நீதிமன்றம் சொன்னதுதான். எனவே மாவட்டக் கட்டுப்பாட்டு அறையைத் தொலைபேசியில் அழைத்து, இந்தப் பிரிவைக் குறிப்பிட்டு, பேசியவரின் பெயரையும் நேரத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். என் முதலாளி அந்தக் காலத்தில், ஆளைத் தூக்கிய செய்தி வந்ததும் முதல் வேலையாகத் தந்தி கொடுக்கச் சொல்வார். 2013இல் தந்தி நின்றுபோன பிறகு மின்னஞ்சல் அந்த இடத்துக்கு வந்திருக்கிறது. நேரம் பதிவாகிவிடும், பின்னால் மறுக்க முடியாது.

24 மணி நேரம் தாண்டியும் ரிமாண்டும் இல்லை, தகவலும் இல்லை என்றால் உயர் நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு, அதாவது ஆளை நீதிமன்றத்தில் கொண்டுவந்து நிறுத்தக் கோரும் மனு, போட வேண்டும். தென் மாவட்டத்துக்காரர்கள் மதுரைக் கிளைக்கு வந்தால் போதும். மாஜிஸ்திரேட் ரிமாண்ட் செய்துவிட்டார் என்று தெரிந்த பிறகு அந்த மனுவில் பெரும்பாலும் பயன் இல்லை, பிணைதான் வழி. ஆனால் குண்டர் தடுப்புச் சட்டத்தில், அதாவது 1982ஆம் ஆண்டின் 14ஆவது தமிழ்நாடு சட்டத்தில், உள்ளே வைத்திருந்தால் பிணை வாங்கியும் ஆள் வெளியே வர முடியாது. அங்கே தடுப்புக் காவல் உத்தரவை எதிர்த்துத்தான் ஆட்கொணர்வு மனு போட வேண்டும். இந்த வித்தியாசம் தெரியாமல் இரண்டு மாதம் பிணை மனுவுக்குச் செலவழித்த குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

தென்காசி ஐயாவுக்கு: பிணை கிடைத்து ஏழு நாளாகியும் ஒருவர் வெளியே வராவிட்டால், சிறைக் கண்காணிப்பாளர் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவின் செயலாளருக்குத் தெரிவிக்க வேண்டும் என்று 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டிருக்கிறது. நீங்கள் ஆறாம் நாளே ஆளைப் பிடித்துவிட்டீர்கள். வழக்கறிஞருக்குப் பணம் இல்லாதவர்கள் 15100 என்ற சட்ட உதவி எண்ணை அழைக்கலாம். காவலில் இருப்பவருக்கு இலவச சட்ட உதவி கிடைக்க வருமான வரம்பு கிடையாது. இன்னொன்றையும் நாட்காட்டியில் குறித்து வையுங்கள்: ரிமாண்ட் ஆன நாளிலிருந்து 60 நாளில், கடுமையான குற்றமென்றால் 90 நாளில், குற்றப்பத்திரிகை தாக்கலாகாவிட்டால் பிணை கேட்பது உரிமை. ஆனால் அதற்கு மனு போட்டே ஆக வேண்டும். குற்றப்பத்திரிகை வந்து சேர்வதற்கு முன்பே அந்த மனு உள்ளே போயிருக்க வேண்டும்.

திருவள்ளூர் அக்கா மீண்டும்:

கட்டுப்பாட்டு அறையை அழைக்கலாம் என்பது அன்று யாரும் எங்களுக்குச் சொல்லாத விஷயம், நன்றி ஐயா. தம்பிக்கு 34ஆம் நாள் நிபந்தனைப் பிணை கிடைத்தது. தினமும் காலை 10.30 மணிக்குக் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்பது நிபந்தனை. அந்தப் பெயரில் இங்கே யாரும் இல்லை என்று எங்களிடம் சொன்ன அதே நிலையம்தான். முதல் நாள் துணைக்கு நானும் போனேன். அதே எழுத்தர் நோட்டைத் திருப்பி, விரலால் வரியைக் காட்டி, தம்பியைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டார். வண்டி இன்னும் சுவரோரத்தில்தான் நிற்கிறது. அதை மீட்கும் மனு அடுத்த வாய்தாவுக்கு வருகிறது.