புதுப்பிப்பு: வாக்குவமா, சிசேரியனா?

பிரசவத்தில் முக்க முடியாமல் போனால் வாக்குவம் (குழந்தையின் தலையில் உறிஞ்சும் கிண்ணம் பொருத்தி வெளியே இழுப்பது) வைக்கலாமா, நேராக சிசேரியன் கேட்டுவிடலாமா என்று போன வாரம் கேட்டிருந்தேனே? வாக்குவம்தான். பெண் குழந்தை.

கருப்பை வாய் 10 சென்டிமீட்டர் திறந்து, இரண்டு மணி நேரம் முக்கியும் வரவில்லை. தலை நன்றாக இறங்கிவிட்டது, இனி வயிற்றைத் திறந்தால் தலையை மேலே எடுப்பதே பாடு என்றார் டாக்டர். மூன்று இழுப்பில் வராவிட்டால் சிசேரியன் என்று கையெழுத்தும் வாங்கிக்கொண்டார். இரண்டாவதிலேயே வந்துவிட்டாள்.

உச்சந்தலையில் கொழுக்கட்டை மாதிரி வீக்கம். அத்தை பார்த்து அலறிவிட்டார். மறுநாளே வடிந்துவிட்டது. அப்புறம் லேசான மஞ்சள் காமாலை; ஒரு நாள் நீல விளக்கில் வைத்தார்கள்.

எனக்குத்தான் தையல். தண்டையார்பேட்டை வரை ஆட்டோவில் வந்தேன், ஒவ்வொரு பள்ளத்துக்கும் உயிர் போய் வந்தது. சம்மணம் போட இன்னும் முடியவில்லை.