ஏழாம் இடத்து அணியில் ஒரு முதல் ஆட்டக்காரர்

அமெரிக்கக் கல்லூரிக் கூடைப்பந்து பார்த்த அனுபவங்களைப் பலரும் பகிர்ந்திருக்கிறீர்கள். என் பங்குக்கு, பதினொரு கல்லூரி அணிகள் ஆடும் பிக் ஈஸ்ட் லீக்கின் 2024 கோப்பைத் தொடர் அரையிறுதி. நியூயார்க் மேடிசன் ஸ்கொயர் கார்டனில், மார்ச் 15, வெள்ளிக்கிழமை மாலை.

முதல் ஆட்டம் யூகானுக்கும் (கனெக்டிகட் பல்கலைக்கழகம்) செயிண்ட் ஜான்ஸுக்கும். செயிண்ட் ஜான்ஸ் உள்ளூர் அணி என்பதால் அரங்கில் காது கிழிந்தது. யூகான் 95-90 என்று தப்பித்தது. தப்பித்தது என்றுதான் சொல்வேன். லீக்கில் 18 வெற்றி, 2 தோல்வி என்று வந்த அணி அந்த ஒரு மாலையில் நன்றாகவே வியர்த்தது.

பக்கத்து இருக்கையில் பிராவிடன்ஸ் ரசிகர் ஒருவர், அறுபது வயதிருக்கும். அடுத்த ஆட்டம் அவருடைய அணிக்கும் மார்க்வெட்டுக்கும். "பிராவிடன்ஸ் லீக்கில் 10-10 என்று ஏழாம் இடத்தில்தானே முடித்தது, உங்கள் டெவின் கார்ட்டருக்கு எப்படி லீக்கின் ஆண்டின் சிறந்த ஆட்டக்காரர் விருது?" என்று கேட்டுவிட்டேன். மனிதர் கோபப்படவில்லை. அணியின் இன்னொரு முக்கிய ஆட்டக்காரர் பிரைஸ் ஹாப்கின்ஸ் ஜனவரியில் முழங்கால் காயத்தோடு வெளியேறியதையும், அதன்பின் அணி முழுவதும் கார்ட்டர் தோளில் ஏறியதையும் ஆட்டம் ஆட்டமாக விவரித்தார். இந்த விருதுக்கு வாக்களிப்பவர்கள் லீக் அணிகளின் பயிற்சியாளர்கள். தன் அணி ஆட்டக்காரருக்கு வாக்களிக்கக் கூடாது. "எதிரில் நின்று அடி வாங்கியவர்கள் போட்ட ஓட்டு இது" என்றார். அதற்கு மேல் என்னால் வாதாட முடியவில்லை.

யூகானின் டிரிஸ்டன் நியூட்டனுக்குக் கொடுத்திருக்க வேண்டும் என்ற என் எண்ணம் மட்டும் இன்றும் மாறவில்லை. மறுநாள் மார்க்வெட்டை 73-57 என வீழ்த்தி யூகான் கோப்பையை எடுத்தபோது தொடரின் சிறந்த ஆட்டக்காரர் அவர்தான். ஏப்ரல் 8 அன்று பர்டியூவை 75-60 என்று வென்று தேசியப் பட்டத்தைத் தக்கவைத்தபோதும் அவர்தான். லீக்கின் மற்ற விருதுகளில் சண்டைக்கு இடமில்லை: சிறந்த பயிற்சியாளர் யூகானின் டான் ஹர்லி, சிறந்த புதுமுகம் அதே அணியின் ஸ்டெஃபான் காஸில், தடுப்பாட்டத்துக்கு கிரெய்டனின் ரையன் கால்க்பிரென்னர், அதுவும் தொடர்ந்து மூன்றாம் முறை.

அந்த அரையிறுதி இரவு மார்க்வெட்டிடம் பிராவிடன்ஸ் 79-68 என்று தோற்றது. ஞாயிறன்று தேர்வுக் குழு வெளியிட்ட, தேசியப் பட்டத்துக்கான போட்டிப் பட்டியலிலும் அதற்கு இடமில்லை. அது பரவாயில்லை, பத்துத் தோல்விக்குப் பிறகு பெரிதாக என்ன கேட்பது? என் ஆத்திரமெல்லாம் இதே லீக்கின் சீட்டன் ஹாலுக்காகத்தான். 13-7 என்று நான்காம் இடம். டிசம்பரில் யூகானையே 75-60 என்று புரட்டிய அணி. அதையும் தேர்வுக் குழு கழித்துவிட்டது. லீக்கின் பதினொரு அணிகளில் யூகான், மார்க்வெட், கிரெய்டன் மூன்றுக்கு மட்டுமே வாய்ப்பு. டீபால் இருபது லீக் ஆட்டத்தில் ஒன்றையும் வெல்லாத ஆண்டு என்பதால் லீக்கே பலவீனம் என்று கணக்குப் போட்டார்களோ என்னவோ. சீட்டன் ஹால் இரண்டாம்நிலைப் போட்டியான என்ஐடியில் இறங்கி, இறுதியில் இந்தியானா ஸ்டேட்டை 79-77 என்று வென்று அந்தக் கோப்பையோடு ஊர் திரும்பியது.

தொழில்முறை லீக்கான என்பிஏ-வின் அணிகள் புது ஆட்டக்காரர்களை வரிசையாக எடுக்கும் ஜூன் தேர்வில் கார்ட்டரை 13ஆவதாக சாக்ரமெண்டோ எடுத்தது. நியூட்டன் 49ஆவது. அந்தப் பெரியவர் இதைப் பார்த்துச் சிரித்திருப்பார்.