எட்டு மாதக் குழந்தையுடன் கப்பல் பயணம்: எந்த அறை எடுப்பது?

கேள்வி:
சிங்கப்பூரிலிருந்து பினாங்கு, புக்கெட் போய்த் திரும்பும் பயணம். நாங்கள் இருவர், எட்டு மாத மகள், என் அம்மா. கணவருக்குப் பால்கனி அறைதான் வேண்டுமாம். ஜன்னலே இல்லாத உள்ளறை விலை குறைவு. மகளோ சிறு வெளிச்சத்துக்கும் விழித்துக்கொள்வாள். எதை எடுப்பது?

பதில் 1:
பால்கனியே எடுங்கள். சென்ற ஆண்டு பத்து மாத மகனுடன் உள்ளறையில் இருந்தோம். கும்மிருட்டில் நன்றாகத்தான் தூங்கினான். ஆனால் ஏழரை மணிக்கு அவன் கண்ணை மூடியதும், நாங்கள் கைப்பேசி வெளிச்சத்தைத் துப்பட்டாவால் மறைத்துக்கொண்டு கிசுகிசுத்தபடி உட்கார்ந்திருந்தோம். பால்கனி இருந்திருந்தால் கண்ணாடிக் கதவைச் சாத்திவிட்டுக் கடலைப் பார்த்துப் பேசியிருக்கலாம். வெளிச்சத்துக்குத் தடித்த திரை போதும்.

தளத்தையும் பாருங்கள். எங்கள் அறை நீச்சல்குளத் தளத்துக்கு நேர் கீழே. விடியற்காலையில் தலைக்கு மேல் நாற்காலிகளை இழுப்பார்கள். மகன் வீறிட்டு அழுவான். மேலும் கீழும் அறைகளே உள்ள தளத்தில், கப்பலின் நடுப்பகுதியில் கேளுங்கள். ஆட்டமும் அங்கே குறைவு.

பதில் 2:
முன்பதிவின்போதே தொட்டிலுக்குச் சொல்லிவிடுங்கள். பெரும்பாலான அறைகளில் ஷவர் மட்டுமே. காற்றடைக்கும் குளியல்தொட்டி ஒன்று எடுத்துப்போங்கள். மின்கெட்டில் வேண்டாம், ஏறும்போதே வாங்கி வைத்துக்கொள்வார்கள். டயப்பர் போட்ட குழந்தையைப் பெரிய குளத்தில் இறக்க விடுவதில்லை.

கேட்டவர்:
மிக்க நன்றி. நடுப்பகுதியில் பால்கனி அறை எங்களுக்கு, நடைபாதைக்கு எதிரே உள்ளறை அம்மாவுக்கு. மகளின் பகல் தூக்கம் பாட்டியிடம்.