அப்டேட்: ஷேர் நஷ்டத்த இன்கம் டாக்ஸ் ரிட்டர்ன்ல காட்டிட்டேன்

போன தடவ கேட்டிருந்தேன்ல, 2024-25ல ஷேர் வித்து 1,80,000 ரூபா ஷார்ட் டெர்ம் (வாங்கி ஒரு வருஷத்துக்குள்ள வித்த) நஷ்டம், லாபமே இல்லாதப்ப இத எதுக்கு காட்டணும்னு. காட்டியே ஆகணும்னு சொன்ன எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க.

வழக்கமா போடுற ரிட்டர்ன் ஃபார்ம் ஐடிஆர்-1ல இதுக்கு இடமே இல்ல, ஐடிஆர்-2 தான். சம்பளத்துல கழிக்க முடியாது, ஷேர், ஃபண்டு, நிலம் மாதிரி வித்து வர்ற லாபத்துல மட்டும்தான்.

எனக்கு மியூச்சுவல் ஃபண்டுல 60,000 லாங் டெர்ம் (ஒரு வருஷத்துக்கு மேல வச்சிருந்து வித்த) லாபம் இருந்துச்சு, 1.25 லட்சம் வரைக்கும் எப்படியும் வரி இல்லையே, நஷ்டம் அப்படியே மிச்சமாகும்னு நெனச்சேன், ஆனா மொதல்ல நஷ்டத்த கழிச்சுட்டுதான் அந்த சலுகையே வருது, அதனால 60,000 அதுலயே போயிடுச்சு, மனசு ஆறவே இல்ல. மீதி 1,20,000, நஷ்டத்த அடுத்த வருஷங்களுக்கு கொண்டுபோற பகுதியான ஷெட்யூல் சிஎஃப்எல்ல ஏறிடுச்சு, 8 வருஷம், அதாவது 2033-34 மதிப்பீட்டு ஆண்டு வரைக்கும் வச்சுக்கிட்டு, வர்ற லாபத்துல கழிச்சுக்கலாம். லாங் டெர்ம் நஷ்டம்னா லாங் டெர்ம் லாபத்துல மட்டும்தான் கழியும், அத மறந்துடாதீங்க.

கடைசி தேதிய மட்டும் தயவுசெஞ்சு விட்டுடாதீங்க, 2025ல செப்டம்பர் 16 வரைக்கும் நீட்டிச்சாங்க, லேட்டா போட்டா இந்த நஷ்டத்த அடுத்த வருஷத்துக்கு கொண்டுபோக முடியாது. போட்ட 30 நாளுக்குள்ள இ-வெரிஃபையும் (ரிட்டர்ன ஆன்லைன்ல உறுதிப்படுத்துறது) பண்ணிடுங்க.