150–350 சிசி தேர்ட் பார்ட்டி பிரீமியம்: மனுவில் என்ன கேட்பது, யாரிடம் கேட்பது?

மயிலை_160:

சென்னையில் உள்ள சில பைக் குழுக்கள் சேர்ந்து தேர்ட் பார்ட்டி பிரீமிய உயர்வுக்கு எதிராக ஒரு மனு தயாரிக்கிறோம். அடுத்த வரைவு அறிவிப்பு வரும்போது கையில் தயாராக இருக்கணும். எங்கள் கணக்கு இது: 2019-20 அட்டவணையில் 150–350 சிசிக்கு 1,193 ரூபாய். 2022 ஜூன் 1 அட்டவணையில் அது 1,366. 350-க்கு மேல் 2,323-ல் இருந்து 2,804. இதற்கு மேல் 18% ஜிஎஸ்டி. நியூசிலாந்தில் 2009-ல் பைக் லெவியை (விபத்துக் காப்புக்காக அரசு வாங்கும் கட்டணம்) ஏற்றப் பார்த்தபோது ரைடர்கள் வெலிங்டன் நாடாளுமன்றம் வரை ஊர்வலம் போய்க் குறைக்க வைத்தார்கள். அவர்கள் சொன்ன அதே வாதத்தைத்தான் வைத்திருக்கிறோம்: "கார்க்காரன் தப்புக்கு பைக்காரன் ஏன் கட்டணும்?" விவரம் தெரிந்தவர்கள் மனுவில் ஓட்டை இருந்தால் சொல்லுங்கள். பேரணியும் யோசனையில் இருக்கிறது.

பாரிமுனை_கிளெய்ம்:

மயிலை ப்ரோ, முதல் ஓட்டை அந்த வாதமேதான். நியூசிலாந்தில் ஏசிசி என்ற அரசு அமைப்பு 1974-ல் இருந்து எல்லா விபத்துக்கும் பணம் தருகிறது, தப்பு யாருடையது என்று பார்ப்பதில்லை. காரில் வந்தவர் இடித்து ரைடருக்குக் கால் உடைந்தாலும் அந்தச் செலவு பைக் கணக்கில் ஏறும். அதனால்தான் 600 சிசிக்கு மேற்பட்ட பைக்குக்கு 252.69 டாலரை 745.77 ஆக்கலாம் என்ற திட்டம் வந்தது. அங்கே அந்தக் கேள்வி நியாயம்.

இங்கே ஏற்பாடு வேறு. மோட்டார் வாகனச் சட்டம் 146-வது பிரிவு கேட்கும் காப்பீடு, உங்கள் வண்டியால் அடுத்தவருக்கு வரும் பாதிப்புக்கு. லாரி உங்களை இடித்தால் லாரியின் இன்சூரன்ஸ் கம்பெனி கட்டும். பைக் பிரீமியத்தில் இருந்து ஒரு பைசா போகாது. உங்கள் மனுவை அப்படியே அனுப்பினால் அமைச்சக அதிகாரி முதல் பத்தியிலேயே மூடி வைத்துவிடுவார்.

இதையே திருப்பிப் போட்டால் உங்களுக்கு பலமான வாதம் கிடைக்கிறது. 2022-ல் நாட்டில் சாலை விபத்தில் இறந்த 1,68,491 பேரில் 74,897 பேர் இருசக்கர வாகனத்தில் போனவர்கள். "பைக் சாவு அதிகம், அதனால் பிரீமியம் ஏறுகிறது" என்று யாராவது சொன்னால், அந்தச் சாவுகளில் எத்தனைக்கு பைக்கின் பாலிசி பணம் கட்டியது என்று கேளுங்கள். தானாகச் சறுக்கி விழுந்து இறந்த ரைடரின் குடும்பத்துக்குத் தேர்ட் பார்ட்டியில் இழப்பீடு வராது. சாவு எண்ணிக்கை ஒரு கணக்கு, பைக் பாலிசி மேல் வரும் கிளெய்ம் வேறு கணக்கு. பிரீமியத்தை இரண்டாவதை வைத்துத்தான் போடணும்.

அம்பத்தூர்_ஸ்பேனர்:

நான் சிசி பிரிப்பைப் பற்றி மட்டும் சொல்கிறேன். "உயர்வை ரத்து செய்" என்று பொதுவாக எழுதாதீர்கள். 75–150 சிசிக்கு 2022-ல் 752-ல் இருந்து 714 ஆகக் குறைந்தது. எல்லா இருசக்கர வண்டிக்கும் ஏற்றிவிட்டார்கள் என்று எழுதினால் பொய்யாகிவிடும்.

அடிக்க வேண்டிய இடம் சிசி வரிசைகளைப் பிரிக்கும் கோடுகள். பல்சர் 150-இன் இன்ஜின் 149.5 சிசி, கட்டணம் 714. அப்பாச்சி 160 சுமார் 160 சிசி, கட்டணம் 1,366. பத்து சிசி வித்தியாசத்துக்கு கிட்டத்தட்ட இரட்டிப்பு. அதே 1,366-ஐத்தான் கிளாசிக் 350-யும் கட்டுகிறது. கீழ் வரிசையைப் பாருங்கள்: காசிமேட்டில் மீன் கூடை கட்டி ஓடும் எக்ஸ்எல் 100, 99.7 சிசி. அதற்கும் பல்சர் 150-க்கும் ஒரே 714. 75-க்குக் கீழே 538 ரூபாய் என்று ஒரு வரிசை இருக்கிறது. ஷோரூமில் அந்த சிசியில் புது பெட்ரோல் வண்டி காண்பதே அரிது. உழைப்பாளி வண்டிக்கு என்று வைத்த சலுகை யாருக்கும் போய்ச் சேரவில்லை. எனக்கு இதுதான் ரொம்ப வருத்தம், மனுவில் முதலில் இது வரணும். 75–110, 150–200 என்று இரண்டு புது வரிசை கேளுங்கள்.

இன்னொன்று ஏபிஎஸ், அதாவது பிரேக் போடும்போது சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் அமைப்பு. 2019 ஏப்ரலில் இருந்து 125 சிசிக்கு மேல் விற்கும் எல்லா வண்டியிலும் கட்டாயம். நல்ல பிரேக் உள்ள வரிசைக்குத்தான் 14.5% ஏறியிருக்கிறது. "தள்ளுபடி தர வழியில்லை" என்று சொல்லவும் முடியாது: அதே 2022 அறிவிப்பில் மின்வண்டிக்கு 15%, வின்டேஜ் காருக்கு 50% கொடுத்திருக்கிறார்கள். ஓன் டேமேஜில் (சொந்த வண்டிச் சேதத்துக்கான காப்பு) கிளெய்ம் இல்லாத வருடங்களுக்கு 20-ல் தொடங்கி 50% வரை போனஸ் உண்டு, தேர்ட் பார்ட்டியில் அது கிடையாது. பத்து வருடம் யாரையும் இடிக்காதவரும் போன மாதம் ஆளை இடித்துத் தூக்கியவரும் ஒரே தொகை. இதைக் கேட்காமல் வேறு எதைக் கேட்பது?

பாரிமுனை_கிளெய்ம்:

யாரிடம் என்பதற்கு வருகிறேன். ஆர்டிஓ ஆபீஸ் வாசலிலோ கோட்டையிலோ நின்று பயனில்லை, மாநில அரசுக்கு இதில் கை இல்லை. தேனாம்பேட்டை இன்சூரன்ஸ் ஆம்புட்ஸ்மேனும் (காப்பீட்டுக் குறைதீர்ப்பாளர்) தனிப்பட்ட பாலிசிப் புகாரைத்தான் எடுப்பார், கட்டண அட்டவணையைத் தொடமாட்டார். கட்டணத்தை அறிவிப்பது மத்திய சாலைப் போக்குவரத்து அமைச்சகம், ஐஆர்டிஏஐ-யை (காப்பீட்டு ஒழுங்குமுறை ஆணையம்) கலந்து. வரைவு கெஜட்டில் வரும்போது ஆட்சேபம் அனுப்ப வேண்டிய முகவரியும் கெடுவும் அதிலேயே இருக்கும். ஒரே கடிதத்தில் ஆயிரம் கையெழுத்து போடுவதைவிட, அட்டவணையின் எந்த வரிசை, எந்தத் தொகை, என்ன மாற்றம் என்று குறிப்பிட்டுத் தனித்தனியாக அனுப்புவது நல்லது.

அதற்கு முன்னால் ஐஆர்டிஏஐ-க்கு ஆர்டிஐ (தகவல் உரிமை மனு) போடுங்கள், ஆன்லைனில் 10 ரூபாய், 30 நாளில் பதில் வரணும். "ஏன் ஏற்றினீர்கள்" என்று கேட்டால் நிராகரிப்பார்கள், கைவசம் இருக்கும் பதிவை மட்டும்தான் கேட்க முடியும். இப்படிக் கேளுங்கள்: நான்கு சிசி வரிசைக்கும் தனித்தனியாக, ஆண்டுவாரியாக, காப்பீடு பெற்ற வண்டிகள், தேர்ட் பார்ட்டி கிளெய்ம் எண்ணிக்கை, சராசரி கிளெய்ம் தொகை. 350-க்கு மேல் வண்டி குறைவு. இரண்டு மூன்று பெரிய தீர்ப்பு வந்தாலே சராசரி ஏறிவிடும். அதனால் ஒரு வருடத்தோடு நிறுத்தாமல் ஐந்து வருடம் கேளுங்கள்.

பேரணி என்றால் சென்னை நகரக் காவல் சட்டம் 41-வது பிரிவின்படி குறைந்தது ஐந்து நாள் முன்னால் மனு கொடுக்கணும். மெரினாவில் கிடைக்காது. ஓடும் பைக் ஊர்வலத்துக்கு அனுமதி கஷ்டம். வள்ளுவர் கோட்டம், எழும்பூர் ராஜரத்தினம் ஸ்டேடியம் பக்கம் நின்று ஆர்ப்பாட்டம் என்று எழுதினால் வாய்ப்பு அதிகம்.

மயிலை_160:

நன்றி சார். நியூசிலாந்து பத்தியை எடுத்துவிட்டு சிசி கோடுகளை முதல் கோரிக்கையாக வைக்கிறேன். ஒரு சந்தேகம்: புது வண்டி வாங்குபவர்கள் ஐந்து வருடத்துக்கு மொத்தமாகக் கட்டுகிறார்களே, உயர்வு அவர்களைத் தொடாதா?

அம்பத்தூர்_ஸ்பேனர்:

கட்டியவரைத் தொடாது. 2018 செப்டம்பரில் இருந்து உச்ச நீதிமன்ற உத்தரவுப்படி ஐந்து வருடம் கட்டாயம். ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள்: 1,366 ஐந்து வருடத்துக்கு 6,830. வாங்குவதோ 7,365, ஜிஎஸ்டியோடு 8,690.70. நாளை ஏறப்போவதை இன்றே சேர்த்து வாங்கியாகிவிட்டது. மொத்தமாக முன்பணம் கட்டுபவருக்கு 535 ரூபாய் கூடுதல் ஏன் என்பதையும் மனுவில் சேருங்கள். மற்றபடி உயர்வு விழுவது புதிதாக வாங்குபவர் மேலும், ஐந்து வருடம் தாண்டிய பழைய வண்டியை வருடாவருடம் புதுப்பிப்பவர் மேலும்தான்.

வேளச்சேரி_ரினியூவல்:

மனு ஜெயிக்கும்வரை பில்லில் குறைக்க முடிந்ததைச் சொல்கிறேன். ஓனர்-டிரைவர் விபத்துக் காப்பு 15 லட்சம் என்று ஒரு வரி இருக்கும். வேறு வண்டியிலோ தனி பாலிசியாகவோ அது ஏற்கனவே இருந்தால் இரண்டாவது தேவையில்லை. அந்த பாலிசி எண்ணைக் கொடுத்து எடுக்கச் சொல்லுங்கள். ஷோரூமில் கேட்காமலே சேர்த்துவிடுவார்கள்.

ஒரு எச்சரிக்கை. பிரீமியத்தை மிச்சப்படுத்த ஓன் டேமேஜை விட்டு தேர்ட் பார்ட்டி மட்டும் எடுத்தால், பின்னால் உட்காருபவருக்குக் காப்பு இல்லை என்று உச்ச நீதிமன்றம் 2006-லேயே சொல்லிவிட்டது. தப்பு உங்கள் பக்கம் என்றால் மனைவிக்கு அடிபட்டாலும் கம்பெனி கட்டாது. முழு பாலிசி என்றால் கட்டும். கோபத்தில் புதுப்பிக்காமலும் விடாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டம் 196-வது பிரிவில் முதல் முறை 2,000, அடுத்த முறை 4,000 அபராதம் என்பது சின்ன விஷயம். பாலிசி முடிந்த மறுநாள் ஒருவரை இடித்தால், விபத்து இழப்பீட்டு ட்ரிப்யூனல் போடும் லட்சக்கணக்கான தொகை ஓனர் தலையில்தான். மனுவில் கையெழுத்து போடுபவர்கள் எல்லாரும் அவரவர் பாலிசி கடைசித் தேதியை இன்றைக்கே ஒருமுறை பார்த்துவிடுங்கள்.