இப்போது திரையில் தெரியும் அந்தப் பெண்ணை அப்போது எங்கே பார்த்தீர்கள்?

சர்டைட்டில்காரன்:

சிங்கப்பூரின் தமிழ்த் தொலைக்காட்சி ஒளிவழியான வசந்தத்தின் தொடர்களில் இப்போது அடிக்கடி வரும் இளம் நடிகை, மேடையிலிருந்து வந்தவர். பெயரைப் போடவில்லை. போட்டால் பேச்சு வேறு பக்கம் போய்விடும், உங்களில் பாதிப் பேர் எப்படியும் கண்டுபிடித்துவிடுவீர்கள். ஆரம்பக் காலத்தில் அவரோடு வேலை செய்தவர்கள், சும்மா பார்த்தவர்கள், யாராக இருந்தாலும் எழுதுங்கள். முதலில் நான்.

எஸ்பிளனேட் கலை அரங்கில் உள்ள சின்ன தியேட்டர் ஸ்டூடியோ. நவம்பரில் நடக்கும் இந்தியக் கலை விழாவான கலா உத்சவத்துக்காகப் போட்ட ஒரு தமிழ் நாடகம். ஆங்கில சர்டைட்டில், அதாவது மேடைக்கு மேலே திரையில் தெரியும் மொழிபெயர்ப்பு வரிகளை, ஓட்டுவது என் வேலை. நம்மூரில் தமிழ் நாடகம் என்றால் மேலே ஆங்கில வரி ஓடியே ஆகவேண்டும். சீன, மலாய் நண்பர்கள் வருவார்கள், மேடைத் தமிழ் முழுதாகப் பிடிபடாத நம் வீட்டுப் பிள்ளைகளும் வருவார்கள். இதில் ஒரு சங்கடம் உண்டு. வசனம் மொத்தமும் ஒரே ஸ்லைடில் ஏறிவிடும். நடிகர் பாதி சொல்லும்போதே படித்து முடித்தவர்கள் சிரித்துவிடுவார்கள். மீதியைச் சொல்லும்போது அரங்கில் ஒரு சத்தமும் இருக்காது.

முதல் காட்சியன்று அவருக்கு அப்படித்தான் ஆனது. மறுநாள் மதியம் பிரதியோடு என்னிடம் வந்தார். "அண்ணே, இந்த வரியை ரெண்டா வெட்டிடுங்க. நான் சொம்பைக் கீழே வெச்ச சத்தம் கேட்டதும் அடுத்ததைப் போடுங்க." அன்று இரவு சொம்பை வைத்தார், ஒரு நொடி விட்டார், சொன்னார். தமிழ் தெரிந்தவர்களும் தெரியாதவர்களும் சேர்ந்து சிரித்தார்கள். வருடக்கணக்காக இந்த வேலை பார்க்கிறேன், மேடைக்கு வந்த புதிதில் சர்டைட்டிலையும் சேர்த்து யோசித்த ஆள் வேறு யாரையும் எனக்கு நினைவில்லை.

அதே நாடகத்தில் அப்பாவாக நடித்த பெரியவர் ஓர் இரவு ஒரு பக்கத்தையே தாண்டிவிட்டார். நான் திரையை இருட்டாக்கிவிட்டு ஸ்லைடுகளைத் தேடிக்கொண்டிருக்கிறேன். இவர் பதறாமல், "அந்தக் கடுதாசியை யாருப்பா கொண்டுவந்து கொடுத்தா? சொல்லவே இல்லையே" என்று கேட்டு, விட்ட இடத்துக்கே அவரைத் திருப்பிக் கூட்டிவந்தார். பார்த்தவர்களுக்குச் சந்தேகமே வரவில்லை.

இரண்டாம் வகுப்பு டீச்சர்:

எங்கள் தொடக்கப்பள்ளிக்கு வந்திருக்கிறார்! பள்ளிகளில் தாய்மொழிக்கென்று நிகழ்ச்சிகள் நடத்தும் தாய்மொழி இருவாரத்தின்போது காலை அசெம்பிளியில் அரை மணி நேரம் நாடகம் போட ஒரு குழு வந்தது. ஏழரை மணிக்கு ஹாலில் மேக்கப்போடு நிற்க வேண்டுமென்றால் வீட்டிலிருந்து எத்தனை மணிக்குக் கிளம்பியிருப்பார் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். பாட்டி வேஷம், பவுடர் பூசிய முடி. நடுவில் முன்வரிசைப் பையன் ஒருவன் எழுந்து, "நீங்க பாட்டி இல்ல, உங்க கை பாட்டி கை மாதிரி இல்ல" என்றான். நான் எழுந்து அவனை உட்கார வைப்பதற்குள் அவர் முந்திக்கொண்டார். "ஆமாண்டா கண்ணு, நேத்துதான் கையை மாத்தினேன்." பிள்ளைகள் அடங்கப் பத்து நிமிடம் ஆனது. அடுத்த வகுப்பு தாமதம், தலைமையாசிரியரிடம் எனக்கு ஒரு பார்வை கிடைத்தது. பரவாயில்லை.

இளம் நடிகர்கள் பலருக்கு இந்தப் பள்ளி நாடகங்களில்தான் கைச்செலவுக்குக் காசு வருகிறது என்று அந்தக் குழுவில் ஒருவர் சொன்னார்.

கேலஃபே மாமா:

2008-இல் வசந்தம் தனி ஒளிவழி ஆன பிறகு தொடர்கள் கூடின. அதிலிருந்து நான் கூட்டத்தில் நிற்கும் ஆள்தான், அதைத்தான் இங்கே கேலஃபே என்பார்கள். கல்யாண வீட்டில் சாப்பிட்டிருக்கிறேன், சாவு வீட்டில் உட்கார்ந்திருக்கிறேன், ஒரு தடவை பிணமாகவும் படுத்திருக்கிறேன்.

இந்தப் பொண்ணுக்கு அது திரையில் முதல் வேலையோ இரண்டாவதோ. ஹவ்காங்கில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் திறந்த கீழ்த்தளத்தில் துக்க வீட்டுக் காட்சி. வாயைத் திறந்தால் மேடைக் குரல்! ஒலிப்பதிவுத் தம்பி ஹெட்போனைக் கழற்றிவிட்டுக் காதைத் தேய்த்தார். டைரக்டர், "சின்னதா பண்ணும்மா, கேமரா உன் மூக்குக்கு முன்னாலதான் இருக்கு" என்றார். உடனே குரலைக் குறைத்தார், கூடவே வார்த்தையின் கடைசி எழுத்துகளும் காணாமல் போயின. தம்பிதான் தனியாகக் கூப்பிட்டு, "சத்தத்தைக் குறைங்க அக்கா, உச்சரிப்பைக் குறைக்காதீங்க" என்றார். சரியான பாடம், ஒரே வரியில். அதன் பிறகு அவர் போன பாதையில் பாதி இதிலிருந்துதான் என்பது என் எண்ணம்.

அழுகை நன்றாக வந்த டேக்கில் பாய லேபார் விமானத் தளத்திலிருந்து போர் விமானம் கிளம்பிவிட்டது. கட். மறுபடி அழவேண்டும், அதுவும் முந்தைய ஷாட்டில் எந்தக் கண்ணில் வழிந்ததோ அதே கண்ணில். ஷாட்டுக்கு ஷாட் எல்லாம் ஒத்துப்போகிறதா என்று கன்டினியூட்டி பார்க்கும் பெண் போனில் படத்தைக் காட்ட, இவர் எட்டிப் பார்த்துத் தலையாட்டிவிட்டுப் போய் உட்கார்ந்தார். அந்த வெயிலில் ஃபேனும் கிடையாது, சத்தம் மைக்கில் விழும் என்று நிறுத்திவிடுவார்கள்.

ஈசூன் வாசி:

இரவு கடைசி எம்ஆர்டி ரயிலில் பார்த்தேன். மடியில் பிரதி, தாழ்ந்த குரலில் யாரோ ஒரு மாமியாரைத் திட்டிக்கொண்டிருந்தார். பக்கத்து இருக்கை ஆன்ட்டி எழுந்து வேறு இடம் போய்விட்டார்.

முன்வரிசை வேண்டாம்:

எல்லோரும் புகழ்கிறீர்கள், நான் கொஞ்சம் மாற்றிச் சொல்கிறேன். அவருடைய ஆரம்பத் தொடர் ஒன்றில் புருவம் மட்டும்தான் நடித்தது. தேசிய நூலகக் கட்டடத்தில் இருக்கும் டிராமா சென்டரிலும் பார்த்தேன். 600 பேருக்கு மேல் உட்காரும் அரங்கு, எனக்குக் கடைசி வரிசை. கோபம் வந்து சேர்ந்தது, வருத்தம் வரவில்லை. சின்ன அரங்கில் அபாரம், ஒப்புக்கொள்கிறேன். பெரிய அரங்குக்கு இன்னும் உழைக்க வேண்டும்.

சர்டைட்டில்காரன்:

அந்த டிராமா சென்டர் நாடகம் எனக்கும் தெரியும். அப்போது அவருக்குப் பகலில் முழுநேர ஆபீஸ் வேலை, வாரநாளில் இரவு மட்டும் குட்மேன் கலை நிலையத்தில் ஒத்திகை. உண்மையான அரங்கில் நின்று பழகக் கிடைப்பது, செட் ஏற்றி விளக்குக் கட்டிய நேரம் போக மிச்சம் உள்ள சில மணி நேரம்தான். கடைசி வரிசை வரை குரல் போகிறதா என்று அதற்குள் எங்கே சோதிப்பது? நடித்தவரைவிட இங்கே நாடகம் தயாராகும் முறையைத்தான் நான் குறை சொல்வேன். புருவம் பற்றி நீங்கள் சொன்னது சரி.

கேலஃபே மாமா:

கூட்டத்தில் நிற்க எப்படிச் சேர்வது என்று தனியாகக் கேட்பவர்களுக்கு இங்கேயே சொல்லிவிடுகிறேன். அடர்ந்த நிறத்தில் மூன்று சட்டை கொண்டுவாருங்கள். தூய வெள்ளை வேண்டாம், மெல்லிய கோடு போட்டது வேண்டவே வேண்டாம், கேமராவில் நெளியும். சாப்பாடு கொடுப்பார்கள். காட்சியில் வைக்கும் சாப்பாட்டில் கை வைக்காதீர்கள், காலையிலிருந்து அங்கேயே இருக்கும்.